காரைக்காலில் ஒரு நாள்: மூன்று தம்பதியர் தரிசனம்

காவிரியின் கடைமடையில், அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த பழைய துறைமுக நகரம் காரைக்கால். 1739ஆம் ஆண்டில் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர், 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் இருக்க, இது மட்டும் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே உள்ள புதுச்சேரியைச் சேர்ந்தது. அதன் அடையாளமாக இன்றும் கண்ணில் படுவது காவலர்களின் சிவப்புத் தொப்பி. ஆனால் அடியார் உலகம் இவ்வூரை அறிவது பிரெஞ்சுக்காரரால் அன்று. இறைவனே 'அம்மையே' என்று அழைத்த புனிதவதியார் பிறந்து வாழ்ந்த மண் இது.

ஒரு சனிக்கிழமை அதிகாலையில், சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கினர் முதிய தம்பதியர் இருவர். கணவருக்கு எழுபதை நெருங்கும் வயது. ஏழரைச் சனி நடக்கிறது. அவருடைய சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. திருநள்ளாறு, தருமபுரம், திருத்தெளிச்சேரி, நித்திய கல்யாணப் பெருமாள், கயிலாசநாதர், அம்மையார், திருமலைராயன்பட்டினம் என ஏழு இடங்களை நேரக் கணக்குடன் அதில் எழுதி வைத்திருந்தார். இரவு ரயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். மனைவிக்கு இரு முழங்காலிலும் வலி. குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "அம்மையார் கோயில் ஆறாவதாகவா?" என்று மட்டும் கேட்டார். "நேரம் இருந்தால் முன்னதாகவே பார்க்கலாம்" என்றார் கணவர்.

முதலில் திருநள்ளாறு. காரைக்காலுக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவு. தர்ப்பைக் காட்டில் எழுந்தருளியதால் இறைவனுக்குத் தர்ப்பாரண்யேசுவரர் என்று பெயர்; அம்பாள் பிராணேசுவரி. மதுரையில் சமணருடன் நடந்த அனல் வாதத்தில் திருஞானசம்பந்தர் நெருப்பில் இட்டும் வேகாமல் நின்ற 'பச்சைப் பதிகம்' இத்தலத்துக்குரியது. தியாகராசர் ஏழு விடங்கத் தலங்களில் ஒன்றான இங்கே நகவிடங்கராக விளங்குகிறார். சனி பகவானால் புகழ்பெற்ற தலமாயினும், இது முதலில் சிவத்தலம். நள தீர்த்தத்தில் நீராடுவோர் உடுத்திய துணியைக் குளத்திலேயே விட்டுவிடுவதில் புண்ணியம் ஏதும் இல்லை. தீர்த்தம் கெடுவதே மிச்சம்.

அன்று கூட்டம் மிகுந்திருந்தது. மனைவியால் வரிசையில் நிற்க இயலவில்லை. "நீ இந்தத் தூணருகே உட்கார்ந்திரு, இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கணவர் வரிசைக்கு விரைந்தார். தர்ப்பாரண்யேசுவரரை வணங்கி, அம்பாளை வணங்கி, கிழக்கு நோக்கி நிற்கும் சனீசுவரரையும் வணங்கினார். எள் தீபம் ஏற்றினார். கடிகாரத்தைப் பார்த்தபோது கணக்குக்குப் பத்து நிமிடம்தான் கூடியிருந்தது. மனநிறைவோடு திரும்பி வந்தால், தூணருகே வேறு யாரோ அமர்ந்திருந்தனர்.

மனைவியைக் காணவில்லை.

இருவருடைய கைப்பேசியும் அவருடைய பையிலேயே இருந்தன. பிரகாரத்தைச் சுற்றினார், சந்நிதி வாசல்களில் நின்று பார்த்தார், மீண்டும் சுற்றினார். சிவப்புக் கரைச் சேலை தெரிந்த இடத்துக்கெல்லாம் ஓடினார். அரைமணி நேரம் கழிந்தது. குறிப்பேட்டில் எழுதிய எந்த நேரமும் அப்போது அவர் நினைவில் இல்லை. கடைசியில் கோயிலுக்கு வெளியே, ஒரு பூக்கடையின் நிழலில் அவரைக் கண்டார். நெரிசலில் தலைசுற்றிய அவரைப் பூக்காரப் பெண்மணி கைத்தாங்கலாக அழைத்துவந்து, தண்ணீர் கொடுத்து அமர வைத்திருந்தார். "நீங்கள் தேடுவீர்கள் என்று தெரியும். எழுந்து வரக் காலில் வலுவில்லை" என்றார் மனைவி. பூக்காரப் பெண்மணி பணம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. பூ வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கணவர் இரண்டு முழம் வாங்கி மனைவியிடம் கொடுத்தார்.

இத்தலத்தின் வரலாறு யாவரும் அறிந்ததே. நிடத நாட்டு மன்னன் நளன் சனியின் பிடியில் சூதாடி நாட்டை இழந்தான். ஆனால் அவனுக்கு நேர்ந்த பெருந்துன்பம் அதுவன்று. கானகத்தில் உறங்கிக்கொண்டிருந்த தமயந்தியை, உடுத்த ஒற்றைத் துணியைப் பாதியாக அறுத்துக்கொண்டு தனியே விட்டுப் போனானே, அதுதான். இழந்தவற்றில் அவன் முதலில் மீட்டது நாட்டை அல்ல, தமயந்தியை. இங்கே நீராடி அவன் சனியின் தொல்லை முற்றும் நீங்கினான் என்பது தல வரலாறு. ஆட்டோவில் ஏறிய பிறகு கணவர் வெகுநேரம் பேசவில்லை. மனைவியின் கையை மட்டும் பிடித்திருந்தார்.

நடை சாத்துவதற்குச் சற்று முன் தருமபுரத்தை அடைந்தனர். மயிலாடுதுறையில் ஆதீனம் அமைந்த தருமபுரம் வேறு. இது காரைக்காலை ஒட்டிய பாடல்பெற்ற தலம். இறைவன் யாழ்மூரிநாதர், அம்பாள் தேனாமிர்தவல்லி. சம்பந்தர் பாடப் பாடத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இசைத்துவந்தார். பதிகங்கள் சிறப்பதற்கு யாழிசையே காரணம் என்று இவ்வூரிலிருந்த அவருடைய உறவினர் பேசினர். யாழ்ப்பாணர் மனம் பொறாது, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வாறே பாடப்பட்டதும், இசைக்க இயலாத யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, வந்த அளவில் வாசிக்கலாம் என்று தேற்றினார்.

யாழ்ப்பாணருடன் எப்போதும் உடன் வந்தவர் அவர் மனைவி மதங்கசூளாமணியார். ஊர் ஊராக இருவரும் ஒன்றாகவே நடந்தனர். திருநல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தர் திருமணத்தின்போது தோன்றிய சோதியிலும் ஒன்றாகவே கலந்தனர். ஆளில்லாத பிரகாரத்தில் முதிய தம்பதியர் மெல்ல நடந்தனர். கணவர் முதல்முறையாக மனைவியின் நடைக்குத் தம் நடையைக் குறைத்துக்கொண்டார்.

பகலில் கோயில்கள் நடை சாத்தியிருக்கும். உணவுக்குப் பின் தங்குமிடத்தில் இருவரும் படுத்து ஓய்வெடுத்தனர். எழுந்ததும் கணவர் குறிப்பேட்டை எடுத்து, "இனி அம்மையார் கோயில் ஒன்றுதான். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்" என்றார்.

காரைக்கால் அம்மையார் கோயில் பாரதியார் வீதியில், கயிலாசநாதர் கோயிலுக்கு எதிரில் உள்ளது, 1929இல் எழுப்பப்பட்டது. அருகே திருக்குளம். வணிகர் தலைவர் தனதத்தரின் மகளாகப் பிறந்த புனிதவதியார், பரமதத்தனின் மனைவியாக இவ்வூரில் இல்லறம் நடத்தினார். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்தார். அப்போது சோறு மட்டுமே ஆகியிருந்தது. கறி சமைத்து முடியவில்லை. அதனால்தான் மாங்கனி இலைக்கு வந்தது. கறியாகும்வரை காத்திருங்கள் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு கணவன் இரண்டாவது கனியையும் கேட்க, இறையருளால் ஒரு கனி கைக்கு வந்தது. அதன் அளவற்ற சுவையை வியந்து அவன் வினவ, உண்மையைச் சொன்னார். இன்னொன்று வரவழைக்கச் சொன்னான்; அதுவும் வந்து, அவன் கையில் மறைந்தது. அஞ்சிய பரமதத்தன் கலமேறிப் பிரிந்தான். பாண்டி நாட்டில் வேறொரு மனைவியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். தேடிவந்த புனிதவதியாரின் காலில் மனைவி மகளோடு விழுந்தான். அழகுடலை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்ற அம்மையார், கயிலையைத் தலையால் நடந்து அடைந்தார். திருவாலங்காட்டில் ஆடும் திருவடியின்கீழ் என்றும் பாடியிருக்கும் பேறு பெற்றார். அறுபத்து மூவர் வரிசையில் அவர் மட்டுமே அமர்ந்த கோலத்தில் இருப்பதைச் சிவாலயம் தோறும் காணலாம்.

ஆனிப் பௌர்ணமியை ஒட்டி இங்கே மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது பக்தர்கள் மாங்கனிகளை வாரி இறைப்பர். அன்று அம்மையார் இறைவனுக்கு அமுது படைக்கும் நிகழ்ச்சியும் உண்டு.

சந்நிதியில் வெகுநேரம் அமர்ந்திருந்த மனைவி, "மனைவியின் பெருமையை அறிந்ததும் அவன் அஞ்சி ஓடிவிட்டானே, பாவம்" என்றார். கணவர் உடனே விடை சொல்லவில்லை. "ஒரே வீட்டில் இருந்தும் அதுவரை அவன் சரியாகப் பார்த்ததே இல்லை போலும்" என்றார் பிறகு. "நானும் காலையில் உன்னை அந்தத் தூணருகே விட்டுவிட்டுத்தான் போனேன்."

"தேடி வந்தீர்களே" என்றார் மனைவி.

எதிரே கயிலாசநாதரையும் தரிசித்து, திருக்குளக் கரையில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு ரயில் நிலையம் சென்றனர். குறிப்பேட்டில் மூன்று தலங்கள் அடிக்கப்படாமலே இருந்தன. அவற்றுக்கு நேரே "அடுத்த முறை, இருவருமாக" என்று எழுதிவைத்தார் கணவர்.