நலம் விசாரிக்கச் செல்லும் முன்...

 

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்று. அக்கடமையை நிறைவேற்ற வந்த உறவினரை வாசலிலேயே நிறுத்தும் நிலை இவ்வாண்டு எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்டது. சிலர் மனம் வருந்தினர். அதன் காரணத்தை விளக்கவே இதனை எழுதுகிறோம்.

எங்கள் வாப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். கீமோதெரபிக்குப் பின்னும் நோய் திரும்பியதால் 'கார்-டி' செல் சிகிச்சை அளிக்கப்பட்டது. நோயாளியின் இரத்தத்திலிருந்தே டி-செல்களைப் பிரித்தெடுத்து, புற்றணுக்களை இனங்காணுமாறு ஆய்வகத்தில் மாற்றியமைத்து, மீண்டும் உடலில் செலுத்தும் முறை இது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் கைகோத்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது முதல், நம் நாட்டுத் தயாரிப்பாகவே இச்சிகிச்சை கிடைக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ், கட்டிகள் கரைந்தன. ஆயினும் மாற்றப்பட்ட செல்கள் தேடி அழிக்கும் 'சிடி19' என்னும் அடையாளம், நலமான பி-செல்களின் மீதும் உண்டு. நோய் எதிர்ப்புப் புரதங்களுக்கு மூலமான அச்செல்களும் சேர்ந்தே அழிகின்றன. எனவே நமக்கு நான்கு நாள் சளியாகக் கடந்துபோகும் வைரஸ், அவருக்கு நிமோனியாவாக மாறக்கூடும். சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்புகளில் உறங்கிக் கிடந்து, அக்கியாக எழக்கூடும். ஹெபடைடிஸ்-பி கிருமியும் அவ்வாறே விழித்தெழ வல்லது. ஆகவேதான் சிகிச்சைக்கு முன்பே அதற்கான பரிசோதனையும், பின்னர் பல மாதங்களுக்கு அசைக்ளோவிர் மாத்திரையும் தரப்படுகின்றன. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே, இரவாயினும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை.

பெருநாளன்று சஹனைச் சுற்றி நாங்கள் அமர்ந்திருக்க, வாப்பா தனியறையில் தனித்தட்டில் உண்டார். தும்மிக்கொண்டிருந்த பேரனின் ஸலாமுக்குக் கதவுக்கு அப்பாலிருந்தே பதிலுரைத்தார். அக்குரலைக் கேட்டு எங்கள் உம்மா கண்கலங்கினார்.

கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல், உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்திலிருந்தே திரும்பிய வரலாற்றை நாம் அறிவோம். தற்காப்பு தவக்குலுக்கு எதிரானதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆகவே உங்கள் உறவிலும் இத்தகைய நோயாளி இருப்பின், செல்லும் முன் தொலைபேசியில் கேளுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் செல்லாதீர்கள். சென்றால் கைகளைக் கழுவி, முகக்கவசம் அணிந்து, முஸாஃபஹா செய்யாமல் ஸலாம் மட்டும் உரையுங்கள். உடனிருப்போர் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நலம். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் நோயாளிக்கு ஆகா; அவருக்கு எது, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

வாசலோடு திரும்பியவரின் துஆவும் வாப்பாவை வந்தடையும் என்றே நம்புகிறோம். நோயுற்ற அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவை நல்கியருள்வானாக! ஆமீன்.