உம்மாவோடு நானுஓயாவுக்கு ஒரு பயணம்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைகள் முதலில் கேட்பது, "இந்த முறை எங்கே வாப்பா போவோம்?" என்பதுதான். வாப்பாமாரின் பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "பார்ப்போம்."

நானும் அந்தப் 'பார்ப்போம்' கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் நான் அதிக காலம் தவணை சொன்னது பிள்ளைகளுக்கல்ல, என்னைப் பெற்ற உம்மாவுக்கு.

எங்கள் வாப்பா நானுஓயா கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருந்தார். உம்மா 1966இல் கம்பளையிலிருந்து மணப்பெண்ணாக அங்கே போனவர். சொந்தபந்தம் யாருமில்லாத அந்தக் குளிர் ஊரில், பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்தான் அவருக்குத் துணை. என்னைவிட நாலு வயது மூத்தவர் என்று உம்மா அவரை 'அக்கா' என்பார். எங்கள் படிப்புக்காக 1980இல் நாங்கள் கம்பளைக்குத் திரும்பிவிட்டோம். அதன்பின் அவர்கள் சந்திக்கவே இல்லை. நானுஓயாவிலிருந்து மரக்கறி லொறியில் வரும் யாராவது, "அந்த அம்மா சுகமாக இருக்கிறார்" என்று சொன்னால் உண்டு.

"ஒரு தடவை என்னை அங்கே கூட்டிப் போ மகன், அந்த அக்காவைப் பார்க்கணும்" என்று உம்மா கேட்பார். "அடுத்த லீவுக்கு உம்மா" என்பேன். பெற்றோரின் நேசர்களைப் பேணுவதும் பெற்றோருக்குச் செய்யும் நன்மையே என்று மத்ரஸாவில் ஓதியவன் நான். வகுப்பில் ஓதிக் கொடுப்பவனும் நான்தான்!

2018 டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள், உம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே என் மூத்த மகளிடம் சொன்னது காதில் விழுந்தது: "இந்தக் காலோட இனி கோச்சி ஏற ஏலுமா, என்னமோ." அன்றிரவே மனைவியிடம் சொன்னேன்: "வியாழக்கிழமை நானுஓயா போகிறோம்."

செய்தி கேட்டதும் வீட்டில் பெருநாள்தான். மனைவி இடியப்பமும் மாசிச் சம்பலும் அவித்த முட்டையும் கட்டினார். உம்மாவோ யாரையும் அடுப்படிக்குள் விடாமல் தன் கையாலேயே வட்டிலப்பம் அவித்தார். "ஒவ்வொரு பெருநாளைக்கும் அவவுக்கு அனுப்புறது. முப்பத்தெட்டு வருஷ பாக்கி இருக்கு" என்றார்.

கம்பளையில் பொடி மெனிக்கே ரயிலில் ஏறினோம். நாவலப்பிட்டியில் வண்டி சற்று நின்றது. தண்ணீர்ப் போத்தல் வாங்க இறங்கினேன். மிச்சக் காசு எண்ணிக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டது! ஜுப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தை என் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். வாசலில் நின்ற ஒரு சிங்கள இளைஞர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். "இன்னும் சின்னப் பிள்ளையா நீ?" என்று எல்லோர் முன்னாலும் உம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். பெட்டியே சிரித்தது. அதன் பிறகு அந்த இளைஞரும் எங்களோடு இடியப்பம் சாப்பிட்டார்.

நாவலப்பிட்டிக்கு அப்பால்தான் உண்மையான மலையேற்றம். 44 அடி போனால் ஓர் அடி உயரும் சரிவு. வண்டி மூச்சு வாங்கி ஏறுகிறது. 1874இல் நாவலப்பிட்டி வரை வந்த பாதை ஹட்டனை அடைய 1884 ஆனது. மறு வருடம் நானுஓயாவுக்கு வந்தது. முதலில் கோப்பிக்கென்று தொடங்கிய பாதை இது. கோப்பிப் பயிர் நோயில் அழிந்தபின் தேயிலையைச் சுமந்தது. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒரு குட்டி ரயிலும் ஓடியது. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடிதான் அகலம். 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறந்த அந்தப் பாதை 1940களில் மூடப்பட்டுவிட்டது. என் மகனுக்கு அதைச் சொன்னதும், "விளையாட்டு ரயிலா வாப்பா?" என்று கண்ணை விரித்தான்.

ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கும் அதிகமான இருட்டு. எல்லாப் பெட்டிகளிலிருந்தும் பிள்ளைகள் 'கூ' என்று கத்த, கடைக்குட்டி பயந்து உம்மாவின் முக்காட்டுக்குள் புகுந்துகொண்டாள். வெளிச்சம் வந்தபோது பார்த்தால், வட்டிலப்பச் சட்டியை உம்மா இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். தலவாக்கலைப் பக்கம் சென் கிளயர் நீர்வீழ்ச்சியைக் காட்டினேன். "அப்பெல்லாம் வெள்ளைச் சீலை விரிச்ச மாதிரி விழும்" என்றார். மேல் கொத்மலை மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு அதில் முன்போலத் தண்ணீர் இல்லை.

மதியம் கடந்து நானுஓயாவில் இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரம். வாயைத் திறந்தால் புகை வருகிறது. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. வாப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது வேறொரு கடை. உம்மா ஒரு நிமிடம் பார்த்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோ தோட்டத்துச் சந்தி வரைதான் போனது. அப்பால் லயத்துக்கு ஏறப் படிக்கட்டு. உம்மாவின் முழங்காலோ ஏழாவது படியிலேயே நின்றுவிட்டது. விஷயம் கேட்ட இரண்டு இளைஞர்கள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து, "உட்காருங்க பாட்டி" என்று உம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் நாங்கள் தேடிவந்த அம்மாவின் பேரன் என்பது மேலே போனபின்தான் தெரிந்தது.

அந்த அம்மா வாசலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை. "யாருப்பா?" என்றார். உம்மா பேரைச் சொல்லவில்லை. "அக்கா, ஒரு கொத்து அரிசி கடனுக்குத் தருவீங்களா?" என்றார்.

அந்நாளில் கடையில் அவர் கேட்கும் கேள்வி அது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி வாட்டியபோது வாப்பாவின் கடன் கொப்பியில் பாதிப் பக்கங்கள் அந்த லயத்துப் பெயர்கள்தானாம்.

கிழவியின் முகம் மலர்ந்தது. "முதலாளி வீட்டுத் தங்கச்சியா!" என்று கையை நீட்டித் தேடினார். பிறகு இருவரும் பேசவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அழுதார்கள். என் மனைவியும் அழுதார். எனக்கு மட்டும் கண்ணில் தூசி விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. எனக்கு இரண்டு வயதில் ஒரு மழை இரவில் கடும் காய்ச்சல். வாப்பா சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். இந்த அம்மாதான் என்னைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, ஒரு மரக்கறி லொறியைக் கை காட்டி நிறுத்தி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தாராம். மறுநாள் வேலைக்குப் போகாததால் அவருக்குப் பேர் விழவில்லை, கூலியும் இல்லை. இவ்வளவு காலமும் 'அடுத்த லீவுக்கு' என்று நான் ஒத்திப்போட்டது இந்த அம்மாவைப் பார்ப்பதைத்தான்!

சுடச்சுட ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் வந்தன. வட்டிலப்பத்தை உம்மாவே அவருக்கு ஊட்டிவிட்டார். தொழுகை நேரம் நெருங்கியது. நான் திசை பார்க்கத் தொலைபேசியை எடுத்தேன். அதற்குள் அந்த அம்மா பெட்டியிலிருந்து துவைத்து மடித்த ஒரு சேலையை எடுத்து விரிக்கச் சொல்லி, "கிரேட் வெஸ்டர்ன் மலைப் பக்கம் பார்த்துத்தானே தங்கச்சி?" என்றார். மங்கிய கண்ணோடு, கை சரியாக அந்தத் திசையைக் காட்டியது. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் உம்மா அந்த லயத்தில் தொழுத திசை அது.

புறப்படும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையக மக்களைப் பங்கு போட்டார்கள். குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார் போய்க் கப்பலேறி இராமேஸ்வரம் போனவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. நாட்டில் தங்கிய எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆனது.

"எழுபத்திரெண்டுல அந்த டேசன்லதான் எங்கண்ணன் கோச்சி ஏறுனாரு. அப்புறம் பார்க்கவே இல்ல. அங்க ஏறிப் போனவங்களைத்தான் எனக்குத் தெரியும். அங்க இறங்கி என்னைத் தேடி வந்தது நீ ஒருத்திதான் தங்கச்சி."

றம்பொடை வழியாகப் பஸ்ஸில் திரும்பினோம். பிள்ளைகள் மடியில் தூங்கினார்கள். உம்மா மட்டும் விழித்திருந்தார். "நல்ல பயணம் மகன்" என்று ஒரு தடவைதான் சொன்னார்.

2020இல் கொரோனா வந்து பாதைகளை அடைத்தது. 2021இல் உம்மா வபாத்தானார். பாதை திறந்தபின் நானுஓயாவிலிருந்து மூன்று பேர், தேயிலைத்தூள் பொட்டலத்தோடு எங்கள் வீடு தேடி வந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. நாங்கள் சென்ற ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. கம்பளையில் வெள்ளம் ஏறியது. தொலைபேசித் தொடர்பு திரும்பிய அன்று எனக்கு வந்த முதல் அழைப்பு அந்த லயத்திலிருந்துதான். "தம்பி, தண்ணி வந்துச்சாமே, புள்ளைங்க பத்திரமா?" மண் சரியும் மலையில் இருப்பவர் எங்களை விசாரித்தார்!

அன்புச் சகோதரிகளே! பயணம் என்றால் தூரதேசமும் பெரும் செலவும் என்று எண்ணிக்கொள்கிறோம். எங்களுக்கு ஆனது ஒரு நாளும், ஒரு சட்டி வட்டிலப்பமும், கோச்சிக் கூலியும்தான். உங்கள் உம்மாவுக்கும் மாமிக்கும் பார்க்க ஆசைப்படும் ஒரு கூட்டாளி எங்காவது இருப்பார். இன்றிரவு அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 'அடுத்த லீவுக்கு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.