விடையும் காரணமும்

தேர்வு முடிந்தவுடன் மாணவர் கூடி நின்று, தாம் எழுதிய விடைகளை ஒத்துப் பார்த்தல் எக்காலத்தும் உள்ள வழக்கமாகும். வினாத்தாளை மடித்து வைத்துக்கொண்டு வாய் பேசாது வீடு செல்வோர் மிகச் சிலரே. ஏனையோர் மரத்தடியிலும் மதிலோரத்திலும் கூடி, “இதற்கு நீ என்ன எழுதினாய்?” என்று ஒருவரையொருவர் வினவுவர். பல்லாண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நான் இதனைப் பன்முறை கண்டிருக்கின்றேன். இவ்வழக்கத்தால் விளையும் நன்மையும் உண்டு; தீமையும் உண்டு. அவ்விரண்டையும் பகுத்தறிதல் மாணவர்க்கு இன்றியமையாததாகும்.

நான் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர், பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில் எங்கள் ஊர்ப் பள்ளியின் வழியே சென்றுகொண்டிருந்தேன். அன்று பத்தாம் வகுப்பினருக்கு ஆங்கிலப் பொதுத்தேர்வு. தேர்வு எழுதி வெளிவந்த மாணவர் நால்வர் புளியமர நிழலில் நின்று உரக்க வழக்காடிக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும், “ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்!” என்று சூழ்ந்துகொண்டனர்.

வழக்கு, ஒரு மதிப்பெண் வினா ஒன்றைப் பற்றியது. ‘யுனிவர்சிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முன் ‘ஏ’ வருமா, ‘ஆன்’ வருமா என்பதே வினா. முதல் மாணவன், “அச்சொல் ‘யு’ என்னும் ஆங்கில உயிரெழுத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘ஆன்’ என்று எழுதினேன்” என்றான். இரண்டாமவன், “வழிகாட்டி நூலில் ‘ஏ’ என்று இருந்தது, அதுவே சரி” என்றான். மூன்றாமவனோ, “வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுபவன் ‘ஏ’ என்றே எழுதியிருக்கின்றான்; வேறு சான்று எதற்கு?” என்றான். நான்காமவன் ஒன்றும் பேசாமல் வினாத்தாளையே நோக்கி நின்றான்.

இருவர் விடை சரியானது. ஆயினும் அவ்விருவரிடத்தும் காரணம் இல்லை. தவறாக எழுதியவன் ஒருவனே காரணம் கூறினான். அவனை நோக்கி, “தம்பி, ‘ஊர்’ என்பதற்கு முன் ‘ஒரு’ வருமா, ‘ஓர்’ வருமா?” என்று கேட்டேன். “ஓர் ஊர்” என்றான். “யானைக்கு முன்?” என்றேன். “ஒரு யானை. ‘யா’ உயிரன்று, உயிர்மெய் ஆயிற்றே!” என்றான். “நல்லது. இப்பொழுது அவ்வாங்கிலச் சொல்லை வாய்விட்டுச் சொல்” என்றேன். இருமுறை சொல்லிப் பார்த்தான், முகம் மலர்ந்தது. “ஐயா, எழுத்து உயிராயினும் ஒலியில் யகரமன்றோ முன் வருகிறது! அதனால்தான் ‘ஏ’ வருகிறது” என்றான். சற்று நேரம் எண்ணிப் பார்த்து, “மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘எச்’ என்னும் எழுத்திட்டு எழுதுகிறோம்; ஆனால் ‘அவர்’ என்றே ஒலிக்கிறோம். ஆதலால் அதற்கு முன் ‘ஆன்’ வருகிறது போலும்!” என்று தானே கூறினான். ஒரு மதிப்பெண்ணை இழந்தவன் ஓர் இலக்கண விதியைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டான்.

அப்பொழுது நான்காமவன் கண்கலங்கி, “எனக்கு இத்துடன் ஐந்து போயின, ஐயா. எங்கள் வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் எவருமில்லை. இனிக் கணக்குத் தேர்வுக்குப் படித்து என்ன பயன்?” என்றான். விடையை ஒத்துப் பார்த்தலால் விளையும் தீமை இதுவேயாகும். “தம்பி, தாள் 100 மதிப்பெண்ணுக்கு உரியது, தேர்ச்சிக்கு வேண்டுவது 35. போனவை ஐந்தேயன்றி முழுத்தாளும் அன்று. உன் தாளைத் திருத்துவோர் விடைக்குறிப்பைக் கொண்டு திருத்துவர். இம்மரத்தடித் தீர்ப்பைக் கொண்டு அன்று. ஒருகால் தவறினும், அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு எழுத வழி உண்டு. கணக்கை விட்டுவிடாதே” என்று கூறினேன். முதல் மாணவன் அவன் தோளைப் பற்றி, “மாலையில் என் வீட்டிற்கு வா, இருவரும் சேர்ந்து கணக்குப் போடுவோம்” என்று அழைத்துச் சென்றான்.

மாணவர் ஒருவரோடொருவர் பயில்வதன் பயனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் இதற்கு ஓர் அளவே கூறுகின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டவனுக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்கு. உடன் கற்போருடன் பழகுவதால் மற்றொரு கால் பங்கு. பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. அப்புளியமரத்தடியில் பின்னைய இரண்டுக்கும் இடம் இருந்தது. மதிப்பெண்ணை மட்டும் எண்ணியிருந்தால் அவ்விடம் வீணாகியிருக்கும்.

ஆகவே மாணவர்களே, தேர்வுக்குப் பின் விடைகளை ஒத்துப் பாருங்கள். ஆனால் எஞ்சிய தேர்வுகளுக்குப் படிக்க வேண்டிய நேரத்தை அதில் கழித்துவிடாதீர்கள். பிழைத்தவனைக் கண்டு நகையாதீர்கள். “என்ன எழுதினாய்?” என்று கேட்பதோடு நில்லாமல், “ஏன் அவ்வாறு எழுதினாய்?” என்றும் கேளுங்கள். அவ்வாறு கேட்டுப் பெற்ற அறிவு அடுத்த தேர்வுக்கும் உதவும். தேர்வுகள் யாவும் முடிந்த பின்னரும் உதவும்.