வாய்க்கு வராத எழுத்து

ஜப்பானியக் கான்ஜி எழுத்துகளில் இரண்டாயிரத்துக்குப் பக்கம் எனக்குத் தெரியும் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. எழுத்தைப் பார்த்தால் பொருள் தெரியும். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் முழிப்பேன். ஐச்சி மாகாணத்தில் தொழிற்சாலைக் கையேடுகளை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்குப் பொருள் போதும், ஒலி வேண்டாம். மொழித்திறன் தேர்விலும் நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்களே தவிர, வாயைத் திறக்கச் சொல்வதில்லை. நான்கில் எது கண்ணுக்குப் பழகியதோ அதைக் குறித்துவிட்டு வருவேன்.

திமிர் ஆரம்பத்திலேயே ஏறிவிட்டது. ஜப்பானியரின் ஒலியெழுத்தான ஹிராகானாவின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். சித்தம் என்ற இந்திய எழுத்தைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்த ஒழுங்கு அது. நெடுங்கணக்கு படித்தவனுக்கு அது பாதி தெரிந்த பாடம். வகுப்பில் மற்றவர்கள் திணற, நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதே மிதப்பில்தான் கான்ஜிக்கும் வந்தேன்.

என்னைக் கவிழ்த்தது அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் ஓர் எழுத்து. மூன்று கிடைக்கோடு, நடுவே ஒரு நெடுங்கோடு, இடப்பக்கம் மேலே ஒரு சாய்கோடு. மண்ணைக் கீறி வரும் முளையின் படம் என்பார்கள். பிறப்பு, வாழ்வு, முளைப்பு, பச்சை எல்லாம் அதற்குள் அடக்கம். 2010இல் ஜப்பான் அரசு திருத்தி வெளியிட்ட 2,136 எழுத்துகளின் பட்டியலில் இது ஒன்றுக்கே 12 வாசிப்புகள். சீனத்திலிருந்து வந்தவை இரண்டு. ஆசிரியரைக் குறிக்கும் 'சென்செய்'யில் வருவது 'ஸெய்'. வாழ்நாள் முழுவதையும் குறிக்கும் 'இஷ்ஷோ'வில் வருவது 'ஷோ'. ஷோ முந்தி வந்து பௌத்தச் சொற்களில் ஒட்டிக்கொண்டது. ஸெய் பிறகு தாங் அரசர்களின் தலைநகர் உச்சரிப்போடு வந்தது. மீதிப் பத்தும் உள்ளூர் வாசிப்புகள். வாழ்வதற்கு இகிரு, பிறப்பதற்கு உமரெரு, புல் முளைப்பதற்கு ஹயெரு. மலர் அலங்காரக் கலையான இகெபானாவின் 'இகெ' இதுதான். பச்சை முட்டை, நேரடி ஒளிபரப்பு, சூடுகாட்டாத பீர் மூன்றிலும் 'நம'. கச்சாப் பட்டு இழையிலோ 'கி'.

ஊர்ப்பெயர், ஆள்பெயர் என்று போனால் இந்தப் பன்னிரண்டும் போதாது. தோக்கியோவின் மேற்குப் பகுதியில் உள்ள ஃபுஸ்ஸா என்ற நகரத்தின் கடைசி எழுத்து இதேதான். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் ஆட்டக்காரர் யோஷிஹாரு ஹபுவும், ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 2014இலும் 2018இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற யுசுரு ஹன்யூவும் குடும்பப்பெயரை ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். எழுத்தை மட்டும் பார்த்து ஹபுவா ஹன்யூவா என்று எவராலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் இப்போது அடுக்குகிறேன். அப்போது 'ஸெய்' ஒன்றை வைத்தே காலம் தள்ளினேன். தொழிற்சாலையில் அது செல்லுபடியாகும். உற்பத்தி 'ஸெய்சான்', பழுது நேர்வது 'ஹஸ்ஸெய்'. இரண்டு கான்ஜி சேர்ந்து வந்தால் சீன வாசிப்பு என்று சொல்லித் தருவார்கள். குத்துமதிப்பான குறிப்புதான், ஆனால் நான் அதைச் சட்டமாக்கிக்கொண்டேன். சந்தேகம் வந்தால் காகிதத்தை எதிராளி பக்கம் நகர்த்தி, சொல்லின் மேல் விரலை வைத்து, "கோரே" என்பேன். 'இது' என்று பொருள். அந்த ஒரு சொல்லால் நான் கடந்த கூட்டங்கள் ஏராளம்.

இதுவரை சொன்னது சோம்பேறித்தனம். இனிமேல் சொல்வது அதைவிட மோசம்.

கோவைப் பக்கத்துப் பையன் ஒருவன் லேத் பிரிவுக்கு வந்திருந்தான். தொழிலில் கெட்டி, மொழியில் புதுசு. வேலைத்தாளைக் கொண்டுவந்து, "அண்ணா, இதை எப்படிங்க படிக்கிறது?" என்றான். அந்த எழுத்து, பக்கத்தில் 'நகம்' என்ற எழுத்து. எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஸெய்சோ" என்றேன், அகராதியே எழுதியவன் மாதிரி.

லேத்தில் பொருளைப் பிடிக்கும் சக்கில் மாட்டும் ஜாக்களில் கடினமாக்கியது ஒரு வகை. கடினமாக்காமல், பொருளின் விட்டத்துக்குத் தக்கபடி மெஷினிலேயே கடைந்துகொள்வது இன்னொரு வகை. நம் பட்டறைகளில் சாஃப்ட் ஜா என்போம். ஜப்பானியர் அதை 'நமஸுமே' என்கிறார்கள், பச்சை நகம். தாளில் இருந்த சொல் அதுதான். 'ஸெய்சோ' என்று காதில் விழுந்தால் அந்தத் தளத்தில் எவருக்கும் தோன்றுவது துப்புரவு; சுவரில் தொங்கும், தொழிற்சாலை ஒழுங்குக்கான 5எஸ் பலகையில் உள்ள சொல்.

பையன் குழுத்தலைவரான ஹன்ச்சோவிடம் போய், இந்த வேலைக்கு ஸெய்சோ வேண்டும் என்றான். அவர் தலையாட்டி, துடைக்கும் துணியையும் துடைப்பத்தையும் எடுத்துக் கொடுத்தார். ஏதோ முறை போலிருக்கிறது என்று அவனும் மெஷினைச் சுற்றிச் சுத்தமாகப் பெருக்கினான். மறுபடி போய் ஸெய்சோ என்றான். இன்னும் எவ்வளவு சுத்தம் வேண்டும் என்று அவர் கேட்டார். கடைசியில் தாளை வாங்கிப் பார்த்தவர் வெடித்துச் சிரித்து, பக்கத்து மெஷின்காரர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டபோது பையன் என் பெயரைச் சொல்லவில்லை. நான் நாலெட்டுத் தள்ளி நின்று, படித்து முடித்த வரைபடத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவனாகவே வந்தான். "என் காதுலதாண்ணா கோளாறு. நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க." நான், "கான்ஜி அப்படித்தான் தம்பி, படுத்தும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வாசிப்பைக் கேட்பது அங்கே அவமானமே இல்லை, அதுதான் உறைக்கிறது. பெயர் அட்டையை வாங்கியதும் எப்படிப் படிக்க வேண்டும் என்று ஜப்பானியரே ஜப்பானியரிடம் பணிவாகக் கேட்பார்கள். பெரும்பாலான படிவங்களில் பெயருக்கு மேலே ஒலியைக் கானா எனும் ஒலியெழுத்தில் எழுத ஒரு கட்டம் இருக்கும். குடும்பப் பதிவேட்டில் அந்தக் கட்டம் இல்லாமல் இருந்தது. 2025 மே 26 முதல் அதிலும் சேர்த்துவிட்டார்கள். உங்கள் பெயரை இப்படித்தானே படிக்க வேண்டும், தப்பென்றால் தெரிவியுங்கள் என்று நகராட்சிகள் குடிமக்களுக்குக் கடிதம் அனுப்பின. ஓர் அரசாங்கம் வெட்கப்படாமல் கேட்ட கேள்வி எனக்கு ஒரு பையன் முன்னால் தொண்டையில் சிக்கியது.

அவன் இப்போது என்னைவிட நன்றாகப் பேசுகிறான். தெரியாததை எல்லோரிடமும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டான். என்னிடமும் இன்னும் கேட்கிறான். "கையில வேலை இருக்கு, அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, அவன் தலை மறைந்ததும் அகராதியைப் பார்க்கிறேன்.