லெர்விக் துறைமுகத்துக் காலுறைகள்

ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்தில் மாலையிற் கப்பலேறினால், மறுநாட் காலை ஷெட்லாந்து தீவுகளின் தலைநகராகிய லெர்விக்கை அடையலாம். மரங்கள் அங்கே அரிது, காற்றுக்கோ குறைவில்லை. ஆடுகள் வெண்மை, சாம்பல், பழுப்பு, கருமை எனப் பல நிறத்தன. ஆதலால் சாயமின்றியே பல வண்ண நூல் கிடைக்கும்.

17-ஆம் நூற்றாண்டில் மீன்பிடிக்க வந்த டச்சுக்காரருக்கு இத்தீவுப் பெண்கள் கம்பளிக் காலுறைகளை விற்றனர். அடுப்பெரிக்கும் மண்கட்டிகளைக் கூடையில் நிறைத்து முதுகிற் சுமந்து நடக்கும்போதும் அவர்தம் கைகள் பின்னிக்கொண்டேயிருந்தன. இடையிற் கட்டிய தோற்கச்சையில், குதிரைமயிர் திணித்துத் துளைகளிட்ட சிறு மெத்தையொன்று உண்டு. ஊசியின் முனையை அதிற் செருகிவிட்டால் நடையிலும் பின்னல் தடைப்படாது.

இத்தனை உழைப்பிற்கும் கூலி யாது? பெரும்பாலும் தேயிலையும் துணியுமே! 1872-இல் நடந்த அரசாங்க விசாரணையிற் பெண்களே இதனைச் சாட்சியமாகக் கூறினர். வணிகர் தந்த நூலிற் பின்னியவளுக்கு மட்டுமன்று, சொந்த நூலைச் சேர்த்துவைத்துப் பின்னியவளுக்கும் கடைச்சரக்கே கிடைத்தது. பசித்த பிள்ளைகளுக்குத் தேயிலை உணவாகுமா? அதனை அயலாரிடம் கொடுத்து மாவு பெற்றவர்களும் உண்டு. ஏழையின் கைத்திறனை இவ்வாறு விலைபேசியது கொடுமையே.

2010-இல் தொடங்கிய கம்பளி வாரத்திற்காக இன்று தொலைநாட்டுப் பெண்கள் லெர்விக் வருகின்றனர். ஆயுள் முழுவதும் பின்னினாலும் தீராத அளவுக்கு நூற்கண்டுகளைப் பைகளில் நிரப்பிக்கொள்கின்றனர். விலையைப் பணமாகவே கொடுக்கின்றனர்.