தண்ணீர் கொண்டுவந்த பெண்

ஈவான் போலண்டின் கவிதைகளில் என்னை முதலில் தைத்தது ஒரு பள்ளிக்கூடச் சொல். 1944இல் டப்ளினில் பிறந்தவர். தந்தை லண்டனில் அயர்லாந்துத் தூதரானதால் ஆறு வயதளவில் ஊரைவிட்டுப் போனார். அங்கே வகுப்பில், 'நான் இல்லை' என்பதற்கு அயர்லாந்துக் குழந்தைகள் இயல்பாகச் சொல்லும் 'ஆமன்ட்' வாயில் வந்துவிட்டது. ஆசிரியை கடிந்துகொண்டார். வட்டார வழக்கு, அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து அதைக் கவிதையாக எழுதும்போதும் காயம் ஆறவில்லை. நானும் மொழி கற்பிப்பவள். அந்த ஆசிரியையின் குரல் எனக்குப் பழக்கமானது.

அதைவிட அதிகம் தொந்தரவு செய்தது ஆக்கில் தீவு. கல்லூரி மாணவியாகப் படிப்பதற்காக அந்த மேற்குக் கடலோரத் தீவில் ஒரு சிறு வீட்டில் தங்குகிறார். கையில் இங்கிலாந்தின் பதினாறாம் நூற்றாண்டு அரசவைக் கவிஞர்கள். வீட்டில் குழாய் கிடையாது. மாலையில் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவருகிறார். பஞ்சத்தைப் பற்றிப் போலண்டிடம் முதன்முதலில் பேசியவர் அவர்தான். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியாலும் நோயாலும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பலேறினார்கள். பேசிவிட்டு அவர் போகிறார். மாணவி உள்ளே வந்து மறுபடி அரசவைக் கவிதையை மனப்பாடம் செய்கிறாள்.

அயர்லாந்துக் கவிதையில் பெண்ணுக்கா பஞ்சம்? நாடே பெண்தான். கிழவியாக, அரசியாக, அழுகிற தாயாக ஆண்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். (மொழியை அன்னையாக்கிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) தண்ணீர் தூக்குகிற பெண்ணுக்குத்தான் அதில் இடமில்லை. 1991இல் மூன்று தடித்த தொகுதிகளாக வந்த ஃபீல்ட் டே தொகைநூலில் பெண்கள் அரிதாகவே இருந்தார்கள். கண்டனம் எழுந்தது. 2002இல் பெண்களின் எழுத்துக்கென்று இன்னும் இரண்டு தொகுதிகள் வந்தன, பந்தி முடிந்தபின் போட்ட இலை மாதிரி.

போலண்டிடமும் எனக்கொரு கேள்வி உண்டு. அந்தப் பெண்ணின் பெயர் என்ன? கவிதையின் தலைப்பில் அவர் 'ஆக்கில் பெண்' மட்டும்தான். ஒப்பிலக்கிய வகுப்பில் இதைச் சொன்னேன்.

"பேர்கூடவா கேக்கல, மேம்?" என்றாள் ஒருத்தி.

"உனக்குப் பரீட்சை இருந்தா நீ கேப்பியா?" என்றாள் பின்பெஞ்சுக்காரி.

"எங்க ஹாஸ்டல்ல சமைக்கற அக்கா பேரு எனக்குத் தெரியாது," என்றாள் இன்னொருத்தி, யாரிடமும் இல்லாமல்.