பரணும் பந்தியும்

சிறு வயதில் நான் படித்த ஆங்கிலப் பாடப் புத்தகம் ஒன்றில் ஒரு படம் இருந்தது. வெளியே வீடும் வேலியும் மரங்களும் வெண்பனியால் மூடிக் கிடக்கின்றன. வீட்டுக்குக் கீழே நிலவறையில் ஒரு கிழவி விளக்கேந்தி நிற்கிறாள். அவளைச் சுற்றிலும் உருளைக்கிழங்குக் குவியலும், மணலில் புதைத்த காரட்டும், வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் ஆப்பிளும், கண்ணாடிச் சாடிகளில் ஊறிய காய்களும் வரிசையாக இருக்கின்றன. கோடையில் தோட்டத்தில் விளைந்ததைச் சேமித்து வைத்து, பனி உருகும்வரை அக்குடும்பம் அதையே உண்டு வாழும் என்று பாடம் கூறிற்று. அந்தக் கிழவியிடத்தில் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டாயிற்று. ஜொகூரில் பிறந்தவன் பனியை எங்கே காண்பது? ஆயினும் அந்த நிலவறையே நாகரிகத்தின் இலக்கணம் என்று எண்ணினேன்.

அதே நாட்களில், கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில், விறகடுப்புக்கு மேலிருந்த பரணில், என் பாட்டி அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தாள். அதை நான் காணவில்லை. என் மூக்கு மட்டும் கண்டது. சுண்டைக்காய் வற்றல், கொத்தவரை வற்றல், மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, உப்பில் கிடந்த எலுமிச்சை, ஓலைப்பெட்டியில் கருவாடு ஆகிய இத்தனையின் வாடையும் என் பள்ளிச் சட்டையில் ஏறியிருந்தது. ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் பள்ளிக்கு என்னைத் தந்தையார் கடன்பட்டு அனுப்பினார். அங்கே பக்கத்து நாற்காலிக்காரன் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டான். அன்று மாலை நான் பாட்டியிடம், “இந்தக் குப்பையையெல்லாம் தூக்கியெறி, பாட்டி. கடையில் எல்லாமும் கிடைக்கிறதே!” என்றேன். அவள் கோபிக்கவில்லை. “கடை திறந்திருக்கிற வரைக்கும் கிடைக்கும், தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சொல்லின் பொருளை அறிய வேண்டுமாயின் அவளுடைய பால்யத்தை அறிதல் வேண்டும். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா மக்கள் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்தது, அது அருகிப்போயிற்று. பால்மரம் காடாக நின்றது, ஆனால் மரத்துப் பாலைக் குடிக்க முடியுமா? வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் ஒரு படி அரிசி கிடைப்பது அரிதாயிற்று. பாட்டிக்கு அப்போது வயது ஏழு. அவள் தந்தையைச் சயாம் மரண ரயிலுக்கு ஏற்றிச் சென்றார்கள். 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிந்தது, போனவர் திரும்பவில்லை. லயத்துக்குப் பின்னால் தாயும் மகளும் ஊன்றிய மரவள்ளிக் குச்சிகளே அவர்களைக் காப்பாற்றின.

மரவள்ளியின் குணம் விசித்திரமானது. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் கிழங்கினுள்ளே கருநீல வரிகள் ஓடிக் கெட்டுப்போகும். பிடுங்காமல் விட்டாலோ, மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு தோண்டிக்கொள்ளலாம். ஆகவே அதற்கு மண்ணே பரண். கசப்பு வகையில் நஞ்சு மிகுதி என்பதால் தோலைச் சீவி, ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பின்னரே உண்ண வேண்டும். வயிற்றை நிரப்பும் அக்கிழங்கில் உடலை வளர்க்கும் சத்து குறைவு. அதை மட்டும் தின்றவர்களுக்குக் கால் வீங்கிற்று. புண் ஆறாமல் நின்றது. இதனாலேயே பாட்டி, கிழங்கோடு கருவாடும் பயறும் கீரையும் இல்லாத சேமிப்பைச் சேமிப்பு என்றே ஒப்பமாட்டாள்.

பனி பெய்யும் நாட்டில் குளிரே காவற்காரன். நம் பாரத தேசத்திலேயே வடகோடியில் உள்ள லடாக்கில், ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரைச் சூழ்ந்த கிராமங்களில், இலையுதிர் காலத்தில் வீட்டருகே குழிவெட்டி உருளைக்கிழங்கு, காரட், டர்னிப், முள்ளங்கி முதலியவற்றைப் புதைத்து மண் மூடுவார்கள். மேலே நிலம் உறைந்து கிடக்க, குழிக்குள் கிழங்கு உறையாமலும் முளைக்காமலும் உறங்கும். கீரையையும் வாதுமைப் பழத்தைப் போன்ற ஆப்ரிகாட் பழத்தையும் வெயிலில் உலர்த்தி வைப்பார்கள். பனியால் சோஜிலாக் கணவாய் மூடிவிட்டால் பல மாதங்களுக்குச் சாலை வழியில்லை என்றிருந்த காலத்தில், அந்தக் குழிதான் அவர்களுக்குக் கடைத்தெரு. இன்று விமானத்தில் காய்கறி இறங்குகிறது. குழி வெட்டும் வழக்கமும் முற்றிலும் மறையவில்லை.

நமக்கோ அந்தக் காவற்காரன் இல்லை. ஜொகூரின் புழுக்கத்தில் கிழங்கு முளைக்கும், காய் அழுகும், பயற்றில் வண்டு விழும். நமக்கு வாய்த்தவை வெயிலும் உப்பும் புகையும். நுண்ணுயிர்க்கு நீர் வேண்டும். வெயில் அந்நீரைக் குடித்துவிடுகிறது, உப்பு அதை உறிஞ்சி இழுத்துவிடுகிறது, அடுப்புப் புகை பூச்சியை அண்டவிடுவதில்லை. இவற்றை நான் விஞ்ஞான வகுப்பில் ஆங்கிலத்தில் கற்றேன். எழுத்தறியாத பாட்டி, பிப்ரவரி வெயிலில் பாயை விரித்தபோது செய்தது அதுவே. காம்போடு அறுத்த பறங்கிக்காயைத் தரையில் வைக்காமல் உறியில் தொங்கவிடுவாள். விதைகளைச் சாம்பலில் புரட்டி மூங்கிற்குழாயில் அடைப்பாள். நவம்பர் மாதம் வடகிழக்குப் பருவமழை பிறப்பதற்குள் பரண் நிறைந்திருக்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

2006 டிசம்பரில் எனக்குப் பதினாறு வயது. பள்ளி விடுமுறை. 19ஆம் நாள் தொடங்கிய மழை ஜொகூரையே கடலாக்கிற்று. அந்த மாதமும் அடுத்த ஜனவரியிலுமாக வந்த இரு வெள்ளங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர். எங்கள் லயம் மேட்டில் இருந்தபடியால் வீட்டுக்குள் நீர் வரவில்லை. ஆனால் பாலமும் சாலையும் மூழ்கின, மின்சாரம் நின்றது. எட்டு வீடுகளில் 42 பேர் தீவில் அகப்பட்டவர்போல் இருந்தோம். கடை மூடிவிட்டது!

முதல் நாள் மாலையே பாட்டி எட்டு வீட்டு அரிசியையும் ஒரே இடத்தில் கொண்டுவரச் சொன்னாள். மொத்தம் 60 கிலோ தேறிற்று. “படித்தவன் நீ, கணக்குப் போடு” என்றாள். பத்து நாள் தாங்க வேண்டுமென்று வைத்து, நாளொன்றுக்கு 6 கிலோ, ஆளுக்கு ஏறக்குறைய 143 கிராம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். மீதிப் பசிக்குப் பரண் பதில் சொல்லிற்று. பறங்கியும் சேனையும் இறங்கின. மேட்டுச் சரிவில் மரவள்ளி தோண்டினோம். வற்றற்குழம்பும் கருவாட்டுக் குழம்பும் மாறி மாறிக் கொதித்தன. நான் வெறுத்த அதே வாடைக்குப் பிள்ளைகள் தட்டோடு ஓடிவந்தனர். நானும் ஓடினேன். பாட்டியே பால்டின்னால் அரிசியை அளந்து உலையில் இட்டாள்; பாட்டியே பரிமாறினாள். நாள்தோறும் நான் கணக்கெழுதி, மிக்க பெருமையோடு கீழே கையெழுத்தும் இட்டேன்.

பத்தாம் நாள் காலை மீட்புப் படகு வந்தது. சாக்கில் எஞ்சிய அரிசியை நிறுத்தேன். என் கணக்குப்படி 6 கிலோ இருக்க வேண்டும். ஏழே கால் கிலோ இருந்தது. குறைந்தால் களவு என்று சந்தேகிப்போம், கூடினால்? தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது நாளுக்கு ஓர் ஆளின் பங்கு எவ்வளவென்று பெருக்கிப் பார்த்தபோது, ஒன்றே கால் கிலோவும் கொஞ்சமும் என்று வந்தது.

நிமிர்ந்து பாட்டியைப் பார்த்தேன். அவள் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முயன்றும் கால் நிற்கவில்லை. அந்த ஒன்பது நாளும் அவள் பானையடியில் ஒட்டிய கஞ்சித் தண்ணீரையும் கிழங்கின் நுனியையும் தவிர வேறொன்றும் உண்ணவில்லை. நான் கேட்டதற்கு, “பரிமாறுகிறவளுக்கு வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும், தம்பி. எங்கம்மாவும் ஜப்பான்காரன் காலத்தில் அப்படித்தான் சொல்லும்” என்றாள். அந்த அம்மா 1945ஆம் ஆண்டைத் தாண்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

படகில் அவளைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தாள். ஜனவரியில் வெள்ளம் மறுபடியும் வந்தபோது பரண் ஏறக்குறைய காலி. எஞ்சியது கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும் மண்ணிலிருந்த கிழங்கும். அம்முறை அம்மாதான் அரிசி அளந்தார். பாட்டியின் தட்டை முதலில் வைத்து, அவள் உண்ணத் தொடங்கிய பின்னரே மற்றவர் கை வைப்பது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவளுக்கு அது வெட்கமாக இருந்தது. ஆண்பிள்ளைகள் காத்திருக்கத் தான் உண்பதா என்று இரண்டு வேளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மூன்றாம் வேளை உண்டாள். அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்து, 2013இல் காலமானாள்.

இப்போது நான் குளுவாங் பக்கத்தில் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். முதல் ஆண்டு வற்றல் போட ஆசைப்பட்டு டிசம்பரில் பாய் விரித்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் பூசணம் பூத்துவிட்டது. பாட்டி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குக் காத்திருந்தேன். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, கேமரன் மலையில் விளைந்த காய்கள் சந்தைக்கு வர வழியின்றி வீணானபோது, எங்கள் வீட்டில் பறங்கிக்காய் உறியில் தொங்கிற்று.

தோழர்களே! வீட்டுக்குப் பின்னால் கையகல நிலமுள்ளவர்கள் நான்கு மரவள்ளிக் குச்சியாவது ஊன்றுங்கள் என்று நான் எழுதலாம். எழுதுகிறேன், அது நல்ல காரியமே. ஆனால் பரண் நிரம்பிய வீட்டிலும் ஒருத்தி பட்டினி கிடக்கக்கூடும் என்பதை என் கண்ணால் கண்டேன். அவள் பட்டினியைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் கை கழுவிக்கொள்கிறோம். கடைசியில் உண்பதே பெண்ணுக்கு அழகு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்த வழக்கத்தின் நிழலில் 42 பேருக்குக் கணக்கெழுதிய நான், 41 பேர்தான் உண்கிறார்கள் என்பதைக் காணவில்லை. அதற்குத் தராசு வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் இன்று தட்டுகள் ஒரே நேரத்தில் வைக்கப்படுகின்றன. ஆபீஸில் இருப்புக் கணக்குக் கூடுதலாக வந்தால், “மிச்சம்தானே, நல்லது” என்று சின்னக் கிராணி பேரேட்டை மூடப் பார்ப்பார். நான் விடுவதில்லை. யாருடைய பங்கு அது என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திடுகிறேன்.